சிந்தாமணி தூங்கிய மதியம்

சிந்தாமணியின் கைகள் எப்போதும் சில்லென்றிருக்கும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள் சூளைக்குப் போகும் முன் அவள் பெஞ்சுக்குத்தான் வரும். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் பொம்மையின் உடம்பில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதைச் சிறு கத்தியால் சுரண்டி, நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த தடமே தெரியாமல் ஆக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை விரல்கள் ஈரத்திலேயே கிடக்கும். வீட்டுக்கு வந்து அடுப்புத் தீயில் காட்டினாலும் அந்தக் குளிர்ச்சி போகாது.

அதனால் அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. எந்த நெற்றியைத் தொட்டாலும் அவள் கைக்குச் சூடாகவே தெரியும். மகள் வெண்மதியின் நெற்றியை ஒரு நாளைக்கு இருபது தடவை தொடுவாள். சூடாக இருக்கும். கையை நம்பாமல் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். கன்னத்தையும் நம்பாமல் தெர்மாமீட்டரைத் தேடுவாள். நான் அப்போது அவர்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவசரத்திலும் அந்தப் பெண் வாயில் தெர்மாமீட்டரோடு வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே சொல்வதில் பாதி நான் பார்த்தது. மீதியைச் சிந்தாமணியும் அவள் புருஷன் ராஜாங்கமும் பிற்பாடு வெவ்வேறு நாட்களில் சொன்னார்கள்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. வெண்மதிக்கு முன்னால் அவளுக்கு ஒரு மகன். கார்முகில் என்று பெயர். 1999-ஆம் வருஷம் ஐப்பசியில், ஆறு வயதில், ஒரு திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை ஜன்னி கண்டது. மூளைக்காய்ச்சல் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை, வண்டி நெய்வேலியைத் தாண்டும்போது மடியில் இருந்த தலை திடீரென்று கனத்தது. அவ்வளவுதான். டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னதுகூட அவளில்லை, ராஜாங்கம்தான்.

அன்றிலிருந்து ஏழு வருஷம் அவள் முழுத் தூக்கம் தூங்கியதில்லை. கோழித் தூக்கம்தான். கண் அசரும், உடனே மகளின் மூச்சுச் சத்தத்துக்காக விழித்துக்கொள்ளும். மூச்சு கேட்டால் மறுபடி அசரும்.

கம்பெனியில் அவளுக்கு எதிர் பெஞ்சில் அருளாயி என்று ஒருத்தி இருந்தாள். மங்கலம்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். சிந்தாமணியைவிட நாலைந்து வயது மூத்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை. ரயில் பாதை ஓரம், சின்ன மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். கார்முகில் இறந்தபோது தினமும் வேலை முடிந்து வந்து சிந்தாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லவில்லை, அழவும் இல்லை. பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று எழுந்து போவாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் வந்து, "கெளம்பு, வேலைக்குப் போலாம்" என்றாள். சிந்தாமணியும் கிளம்பினாள். இருவருக்கும் நடுவில் அதற்குப் பிறகு பெரிய பேச்சு என்று ஒன்றும் இருந்ததில்லை. எதிரெதிரே உட்கார்ந்து கோடு சுரண்டுவார்கள். நேரமானால் சோற்றைப் பகிர்ந்துகொள்வார்கள்.

2006-ஆம் வருஷம் ஆடி மாதக் கடைசியில் அந்தக் காய்ச்சல் எங்கள் ஊருக்கு வந்தது. முதலில் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்: அங்கே தெருவுக்குப் பத்துப் பேர் படுத்திருக்கிறார்களாம், கை கால் மடக்க முடியவில்லையாம். ஒரு வாரத்தில் எங்கள் தெருவிலும் ஆள் விழுந்தது. சிக்குன்குனியா என்று பேப்பரில் போட்டார்கள். ஜனங்களின் வாயில் அது சிக்கன் குனியா ஆயிற்று. கோழி தின்றால் வரும் என்று கறிக்கடைகள் காலியாகிவிட்டன. 'மனுஷனைக் குனிய வைக்கிற ஜொரம், அதான் குனியா' என்று இன்னொரு விளக்கம். அதில் உண்மை இருந்தது. கடைத்தெருவில் எல்லோரும் குனிந்து நடந்தார்கள். டீக்கடை மாஸ்டர் மணிக்கட்டை வளைக்க முடியாமல் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஆற்றினார். பஸ் ஸ்டாண்டில் வாட்டசாட்டமான ஆட்கள் படியேற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயிலில் பார்த்தால் ஊரே தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சத்தமில்லாமல்.

சாவு அதிகமில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் 'மறைக்கிறாங்க' என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். சிந்தாமணி அந்த நாலு பேரை மட்டும்தான் நம்பினாள்.

மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். வெண்மதிக்கு அப்போது பதினோரு வயது. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, அதன் மேல் பழைய போர்வையையும் ஆணி வைத்து அறைந்தாள். காலையிலும் சாயங்காலமும் நொச்சி இலையைப் போட்டுப் புகைத்தாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வேலையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் மகளிடம் போவாள்.

"அம்மா, மூச்சு முட்டுதும்மா. ஜன்னலத் தொற" என்று அந்தப் பெண் அழுததை நானே கேட்டேன்.

ராஜாங்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பீங்கான் சாமான்களை வைக்கோல் வைத்துக் கட்டி வேப்பூர் லாரி ஆபீசில் இறக்கிவிட்டு வருவான். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். "பொகையிலயே புள்ளைக்கு எதாவது ஆயிடும் போல இருக்குது" என்றான் ஒரு நாள்.

"ஒங்களுக்கு என்னா, அன்னைக்கி மடியில வெச்சிருந்தது நானு" என்றாள் சிந்தாமணி.

ஆவணியில் கொலுப் பொம்மை ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. கம்பெனியிலோ பாதிப் பெஞ்சு காலி. ஒரு புதன்கிழமை அருளாயியும் வரவில்லை. பக்கத்துப் பெஞ்சு மாரியம்மாள் சொன்னாள்: "அருளாயி அக்கா படுத்துட்டாங்க. எழுந்து தண்ணி மோக்க முடியலியாம்."

சிந்தாமணிக்குத் தெரியும், போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் போனால் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்? வியாழன் போகவில்லை. வெள்ளி போகவில்லை. சனிக்கிழமை எதிரே இருந்த காலி ஸ்டூலைப் பார்க்க முடியாமல் பெஞ்சையே திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஒரு பெண் பொம்மையின் தோளில் கோடு சுரண்டிக்கொண்டிருந்தாள். கத்தி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள், விரல்கள் மடங்கவில்லை. மணிக்கட்டில் யாரோ கயிறு கட்டி இழுப்பது போலிருந்தது. முதுகுத்தண்டில் குளிர் ஏறியது. முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் கையும் சூடாக இருந்தது.

வந்துவிட்டது என்று புரிந்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே வரவில்லை. வீட்டுக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் தோன்றியது.

"மாரியம்மா, சாயங்காலம் எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடு. நான் அருளாயி அக்கா வூட்டுல இருக்கேன். பாப்பாவ அழைச்சிக்கிட்டு வரக் கூடாது. அவரும் கிட்ட வரக் கூடாது."

நோய் இருக்கிற இடத்துக்கு நோயை எடுத்துப் போனால் யாருக்கும் புதிதாகக் கெடுதல் இல்லை. இதுதான் அவள் போட்ட கணக்கு.

தொழிற்பேட்டைத் தெருவில் நடந்தாள். ஓரமெல்லாம் உடைந்த பீங்கான் சில்லுகள். கரண்டுக் கம்பத்துக்குப் போடுகிற வெள்ளைக் கிண்ணங்கள் உடைந்து குவியல் குவியலாகக் கிடக்கும். வெயிலுக்கு அதெல்லாம் மினுங்கியது. காய்ச்சல் ஏற ஏற மினுக்கம் அதிகமாயிற்று. கால் தரையில் படுகிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளை ஆற்றின் ஓரமாக நடக்கிறோம் என்று நினைத்தாளாம். இடதுபுறம் போனால் அவள் தெரு. அங்கே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வலதுபுறம் ரயில் பாதைப் பக்கம் திரும்பினாள்.

அருளாயி வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை. பாயில் சுருண்டு படுத்திருந்தவள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். "ஏன் இத்தன நாளா வரல" என்று கேட்கவில்லை. "சிந்தாவா? வா. அந்த மூலையில இன்னொரு பாய் இருக்குது, எடுத்துப் போட்டுக்க. எனக்கு எழுந்திரிக்க முடியல" என்றாள்.

சிந்தாமணி பாயைக் காலால் தள்ளி விரித்துப் படுத்தாள். படுத்ததும் அழுகை வந்தது. "நான் பயந்துக்கிட்டு வராம இருந்துட்டேன்க்கா. இப்ப எனக்கு வந்ததுனால வந்துருக்கேன்."

"எதுக்கோ ஒண்ணுக்கு வந்துட்டல்ல. படு."

சுவரில் ஒரு படம் இருந்தது. கார்முகில் இறந்த வருஷத்திலிருந்து சிந்தாமணி அந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள். ஆனால் படத்தை உற்றுப் பார்த்ததில்லை. இப்போது படுத்த இடத்திலிருந்து நேரே அதுதான் தெரிந்தது. இருண்ட தண்ணீர், அலைகள், ஒரு படகு. படகில் இருப்பவர்களெல்லாம் அலறுகிறார்கள். ஒருவர் மட்டும் ஓரமாகத் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிறார்.

"அது என்னாக்கா, ஒங்க சாமி தூங்குறாரா?"

"ஆமா. ஏசுதான். நாள் பூரா ஜனங்களோட நின்னு, சீக்காளியெல்லாம் தொட்டுத் தொட்டுக் களைச்சிப்போயி, போட்ல ஏறுனதும் தூங்கிட்டாரு. அப்பதான் காத்து அடிக்குது. போட்டு கவுந்துரும் போல ஆடுது. கூட இருந்தவங்க எல்லாம், நாங்க சாவுறோமே ஒமக்குக் கவலையே இல்லியான்னு உலுக்கி எழுப்புறாங்க."

"எழுந்தாரா?"

"எழுந்து காத்த அதட்டுனாரு. அடங்கிடுச்சி."

ஒரு ரயில் போயிற்று. வீடு முழுக்க அதிர்ந்து அடங்கியது. பிறகு சிந்தாமணி கேட்டாள். ஏழு வருஷமாகக் கேட்க ஆள் இல்லாத கேள்வி அது.

"எம் புள்ள போனப்பவும் தூங்கிக்கிட்டுதான் இருந்தாராக்கா?"

அருளாயி புரண்டு படுக்க முயன்று முடியாமல் அப்படியே கிடந்தாள்.

"தெரியல சிந்தா. எம் புருஷன் போனப்ப நானும் இதத்தான் கேட்டேன். கோயிலுக்குள்ள போயி நின்னு, கத்திக் கேட்டேன். பதில் வரல. இன்ன வரைக்கும் வரல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா ஒண்ணு. தூங்குனாரோ முழிச்சிருந்தாரோ, போட்லதான் இருந்தாரு. கரையில நின்னு வேடிக்க பாக்கல. அவங்க மேல அடிச்ச தண்ணி அவரு மேலயும் அடிச்சிச்சி. எனக்கு அது போதும்னு தோணிச்சி. அப்பறந்தான் எனக்குத் தூக்கம் வந்துது."

சிந்தாமணி அந்தப் படத்தையே பார்த்தாள். காய்ச்சல் கண்ணை இழுத்தது. அதற்கப்புறம் அவள் கண்டதைக் கனவு என்றுதான் சொல்ல வேண்டும். அவளுமே அதைக் கனவு என்றுதான் சொன்னாள். காட்சி, தரிசனம் என்றெல்லாம் பெரிய பெயர் வைக்கவில்லை.

படகு வெள்ளையாக இருந்தது. பீங்கான். சூளையில் வைக்காத பச்சைப் பீங்கான். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கரையவில்லை. அலைகள் அந்த மண்ணைத் தடவிக்கொண்டே போயின. படகின் ஓரத்தில் களைத்த ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். முகம் வெயிலில் கறுத்த முகம். லோடு இறக்கிவிட்டு வந்து படுக்கிற ஆட்களைப் போல வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருடைய கை மடிப்பில் தலை வைத்து ஒரு பையன். கார்முகில்தான். அன்று வண்டியில் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. அவனும் தூங்குகிறான். அவள் ஓடிப்போய் அவன் நெற்றியைத் தொடக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. யாரும் தடுக்கவில்லை. தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. படகின் பலகையில் அவளுக்கும் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே படுத்தாள். அலை அடித்துக்கொண்டே இருந்தது. அது பாட்டுக்கு அடித்தது.

கண் விழித்தபோது ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. மணி நாலைத் தாண்டியிருக்கும். கோயிலில் யாரோ பெருக்குகிற சத்தம். உடம்பை அசைத்துப் பார்த்தாள். காய்ச்சல் அப்படியே இருந்தது. முழங்கால் அப்படியே வலித்தது. பயத்தை மட்டும் காணோம். வழக்கமாக அது உட்கார்ந்திருக்கிற இடத்தில், தொண்டைக்குக் கீழே, தேடிப் பார்த்தாளாம். அந்த இடம் காலியாக இருந்தது.

"அஞ்சு மணி நேரம் தூங்குன" என்றாள் அருளாயி. "ரெண்டு ரயிலு போச்சி. நீ அசையவே இல்ல."

ராஜாங்கம் சேதி தெரிந்து ஓடிவந்தான். சொன்னபடி கிட்டே வராமல் கஞ்சித் தூக்கைப் படியில் வைத்துவிட்டு நின்றான். அவன் போனதும்தான் தெரிந்தது, தூக்கின் மூடியை அவன் இறுக்கமாக மூடியிருக்கிறான் என்று. அருளாயி தவழ்ந்து போய் எடுத்துவந்தாள், விரல் மடங்கவில்லை. சிந்தாமணி முயன்றாள், மணிக்கட்டு திரும்பவில்லை. ஒருத்தி முழங்கைகளால் தூக்கை அணைத்துக்கொள்ள, இன்னொருத்தி இரண்டு உள்ளங்கையாலும் மூடியை அழுத்தித் திருகினாள். மூடி 'டப்' என்று தெறித்து உருண்டு போயிற்று. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார்கள். சிந்தாமணி அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

மூன்று நாட்கள் அந்த வீட்டில் கிடந்தார்கள். அருளாயி காலையும் மாலையும் ஜெபமாலையை விரலில் கோத்துக்கொள்ள முடியாமல் நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு மெல்லிய குரலில் ஜெபம் சொல்வாள். சிந்தாமணிக்கு வார்த்தைகள் பாதி புரியாது. ஆனால் அந்தக் குரல் ஏறி இறங்கிப் போகும் போக்கு பிடித்திருந்தது. நடுநடுவே ஏசுவைப் பற்றிக் கேட்பாள். அருளாயி தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள். ஆறுதல் தேடி வந்த யாரையும் அவர் விரட்டியதில்லை என்பதுதான் சிந்தாமணி மனதில் நின்றது. அவர் சீக்காளிகளைப் பார்க்கப் பயந்ததில்லை என்பதும்.

நாலாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, வராத நேரத்தில், வண்டிச் சத்தம் கேட்டது. ராஜாங்கம் வாசலில் நின்றான். தூக்கு இல்லை. முகம் வெளிறியிருந்தது.

"பாப்பாவுக்கு ஜொரம்" என்றான்.

இத்தனை பாடுபட்டும் வந்துவிட்டது. ஆணி அடித்த ஜன்னல், நொச்சிப் புகை, வீட்டுக்கே போகாமல் இங்கே வந்து கிடந்தது, எல்லாம் வீண். சிந்தாமணிக்குள் பழைய பயம் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. நெய்வேலி ரோடு, மடியில் கனத்த தலை, எல்லாம் ஒரே நொடியில் வந்து போயிற்று. சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"அக்கா, எனக்காக ஜெபம் பண்ணுங்க."

"பண்றேன். நீயும் கேளு. நீ கேட்டாலும் அவருக்குக் கேக்கும்."

"எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியாதே."

"வூட்டுல பேசுற மாதிரி பேசு."

சிந்தாமணி படத்தைப் பார்த்தாள். கை கூப்பக்கூட முடியவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. "சாமி, நான் எம் புள்ளகிட்ட போறேன். நீ தூங்கிக்கிட்டு இருந்தாலும் பரவால்ல. கூட இரு" என்றாள்.

ராஜாங்கம் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான். லோடை இறக்கக்கூட நேரமில்லாமல் வந்திருந்தான். பின்னால் வைக்கோலுக்குள் வெள்ளைப் பொம்மைகள் வரிசையாகப் படுத்திருந்தன. வண்டி குலுங்கும் போதெல்லாம் அவை ஒன்றோடொன்று மெல்ல இடித்து மணி போலச் சத்தம் கேட்டது.

வெண்மதியைக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வராந்தா முழுக்கக் குனிந்த ஜனங்கள். இரண்டு மணி நேரம் வரிசை. இளவயது டாக்டரம்மா வெண்மதியைச் சோதித்தார். பிறகு சிந்தாமணியின் வீங்கிய மணிக்கட்டைத் தானாகவே எடுத்துப் பார்த்தார். "இது கொசுவால வர்றதும்மா. தொட்டா ஒட்டாது. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"ஜன்னி வருமாங்க?"

"இந்தக் காய்ச்சல்ல சாதாரணமா வராது. மூணு நாலு நாள்ல விட்டுரும். மாத்திரை குடுங்க, தண்ணி நெறைய குடுங்க. புள்ள மயங்கினா, வலிப்பு மாதிரி இழுத்தா, ஒடனே தூக்கிட்டு வந்துருங்க."

வராது என்று அவர் சத்தியம் செய்யவில்லை. அந்த மாதிரி பதிலைப் பழைய சிந்தாமணி தாங்கியிருக்க மாட்டாள். அன்று "சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வீடு திரும்பிய பிறகு, அன்று பிற்பகல்தான் கஷ்டமான பொழுது. வெண்மதிக்குச் சூடு நூற்று மூன்றுக்கு மேல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு ஏதேதோ பேசினாள். துணியை நனைத்துப் போடலாமென்றால் சிந்தாமணிக்குப் பிழியக் கை வரவில்லை. ராஜாங்கம் பிழிந்து கொடுக்க, அவள் புறங்கையால் தள்ளி நெற்றியில் வைத்தாள். ஒரு தடவை வெண்மதியின் கால் வெடுக்கென்று உதறியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அடுத்து ஒன்றும் நடக்கவில்லை.

"ஏங்க, அந்த ஜன்னல் போர்வைய எடுத்துருங்க. வலை இருக்கட்டும்" என்றாள் சிந்தாமணி. அவன் ஆணியைப் பிடுங்கினான். காற்று உள்ளே வந்தது. மகளை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். படகுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். காற்று, அலை, தூங்குகிறவர், அலறுகிறவர்கள். வெண்மதி கேட்கிறாளா என்றே தெரியவில்லை. முடித்த பிறகு சின்னக் குரல் வந்தது.

"காத்து ஒடனே நின்னுடுச்சாம்மா?"

"ஒடனேதான்னு அக்கா சொன்னாங்க. நமக்குக் கொஞ்ச நேரம் ஆவும் போல இருக்குது. ஆவட்டும். அதுவரைக்கும் தூங்குவோம்."

ராஜாங்கம் டீ வாங்கிவரப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேரும் அசையாமல் கிடக்கிறார்கள். பதறிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டு மகளின் மூக்கடியில் விரல் வைத்தான். மூச்சு சீராக வந்தது. பிறகு பொண்டாட்டியைப் பார்த்தான். அவள் வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். "பகல்ல அவ தூங்கி நான் பாத்ததே இல்லீங்க" என்றான் என்னிடம். "ரெண்டு டீயும் ஆறிப்போச்சி. எழுப்ப மனசு வரல. நானே குடிச்சிட்டேன்."

வெண்மதிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒரு வாரத்தில் கால் வலியும் போய்ப் பள்ளிக்கூடம் போனாள். சிந்தாமணிக்குத்தான் லேசில் விடவில்லை. ஆறேழு மாதம் காலையில் எழுந்ததும் விரல்களை வெந்நீரில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்த வருஷக் கொலு ஆர்டரில் பாதியைக் கம்பெனி அனுப்ப முடியவில்லை. அருளாயியும் அவளும் ஒரே பொம்மையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கோடு எடுத்தார்கள்.

அந்தக் கார்த்திகைக்கு முன்னால், நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். அருளாயி தன் புருஷன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். சிந்தாமணியும் கூடப் போனாள். திரும்பும்போது, "இன்னொரு மெழுகுவத்தி இருக்குதாக்கா?" என்றாள். மணிமுத்தாற்றங்கரையில் கார்முகிலைப் புதைத்த இடம் வரை இருவரும் நொண்டி நொண்டி நடந்தார்கள். ஏழு வருஷத்தில் அவள் அங்கே போனது அன்றுதான் முதல் தடவை. மேடு மழையில் கரைந்து, புல் மண்டி, இடமே மட்டமாயிருந்தது. ராஜாங்கம் அடையாளம் சொல்லியிருந்த வேலிக்காத்தான் மரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். ஆற்றுக் காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு அருளாயி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். அது எரிந்து முடிகிற வரை இருந்தார்கள். அவள் அழுதாள். அது வேறு அழுகை என்றாள் என்னிடம். அதற்கு முன் அழுததெல்லாம் நெஞ்சைக் கிழித்ததாம், இது கழுவியதாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. பங்குச் சாமியார், "நிதானமா யோசிம்மா" என்றே சொல்லிவந்தார். 2008-ஆம் வருஷம் ஈஸ்டரில் ஞானஸ்நானம் வாங்கினாள். ராஜாங்கம் வாங்கவில்லை. அவனுக்கு எங்கள் பக்கத்து முருகன் கொளஞ்சியப்பர்தான். ஆனால் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நாத்தனார் அம்புஜவல்லி வந்து சண்டை போட்டது எங்கள் தெருவுக்கே கேட்டது. "கும்புட்ட சாமிய வுட்டுட்டுப் போயிட்டியாமே?"

"யாரையும் வெறுத்துட்டுப் போவல அண்ணி. பயந்து ஓடுன எடத்துல ஒருத்தர் ஒக்காந்திருந்தாரு. அவருகிட்டயே இருந்துட்டேன்."

"எல்லாம் பேசக் கத்துக்கிட்ட!" என்று அம்புஜவல்லி அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாள். ஒரு வருஷம் பேச்சில்லை. அப்புறம் ஒரு வைகாசியில் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். ராஜாங்கமும் சேர்ந்து மூன்று பேருமாக உட்கார்ந்து சுளை பிரித்தார்கள். சாமி பேச்சை யாரும் எடுக்கவில்லை.

2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று ஒன்று கிளம்பியது நினைவிருக்கும். டி.வி.யில் எந்நேரமும் அதுதான். பஸ்ஸில் தும்மினால் பக்கத்து சீட் காலி. அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலுக்கு ராஜாங்கத்தின் வண்டியில் கிளம்பினார்கள். எங்கள் வீட்டில் அப்போது என் தங்கை பேறுகாலத்துக்கு வந்திருந்தாள்; கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து என்றார்கள், எனக்கு மனசே சரியில்லை. "நீங்களும் வாங்க, காத்தாட இருக்கும்" என்று சிந்தாமணி கூப்பிட்டதால் நானும் ஏறிக்கொண்டேன். பின்னால் வைக்கோல் மேல் ஜமுக்காளம் விரித்து நான், அவள், அருளாயி, வெண்மதி. முகமூடி போட்டிருந்தது நான் மட்டும்தான்.

சாயங்காலம் திரும்பி வரும்போது ஊருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. ராஜாங்கம் வண்டியை நிறுத்தினான். கேட்க வேண்டுமென்று வெகுநாளாக நினைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"உனக்கு இப்பல்லாம் பயமே வர்றதில்லையா சிந்தாமணி?"

"வராம இருக்குமா?" என்றாள். "நேத்துகூட இவ ரெண்டு தும்மல் தும்முனா. ஒடனே கை நெத்திக்குப் போயிடுச்சி."

"அப்ப என்ன செய்வ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். டாக்டர்கிட்ட காட்டணும்னா காட்டுவேன். மத்தபடி அவருகிட்ட சொல்லிடுவேன், 'இந்தாங்க, இது வந்துருக்குது, நீங்க பாத்துக்குங்க'ன்னு. சொல்லிட்டு வேலையப் பாப்பேன்." ஜமுக்காளத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, "சில நாளு ரெண்டு மூணு தடவ சொல்ல வேண்டியிருக்கும். அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு" என்றாள்.

கூட்ஸ் வண்டி வந்தது. நிலக்கரிப் பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக, முடிவே இல்லாதது போல, சாயங்கால வெளிச்சத்தில் போய்க்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது. வெண்மதி என் தோளில் சாய்ந்துகொண்டு பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். அருளாயி முந்தானையில் முடிந்திருந்த பொரியை எடுத்து எல்லோருக்கும் ஒரு கை கொடுத்தாள். சாப்பிடுவதற்காக நான் முகமூடியைக் கழற்றினேன்.